பரிமளாவைக் கேட்காமல் எழுதியது

போன ஞாயிற்றுக்கிழமை அரியலூரில் ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் சாம்பார், கருவாட்டுத் தொக்கு. உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"யாரு, சொந்தக்காரங்களா?"

"இல்லைங்க, ஃப்ரெண்டு" என்றாள் பரிமளா, எனக்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்துக்கொண்டே.

"கூடப் படிச்சவங்களா?"

பரிமளாவுக்கு நாற்பத்தொன்று. எனக்கு ஐம்பத்தேழு. கூடப் படித்திருக்க வேண்டுமென்றால் நான் பதினாறு வருஷம் தொடர்ந்து ஃபெயிலாகியிருக்க வேண்டும்!

"அப்ப கூட வேலை பாத்தவங்களா?"

"அதுவும் இல்லைங்க. இன்டர்நெட்ல பழக்கம்."

அந்த அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பரிமளாவின் காதருகே குனிந்து, ஆனால் எனக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, "பாத்து இருந்துக்க தாயி, காலம் கெட்டுக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு மோரோடு போய்விட்டார்.

நாங்கள் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த அம்மா சொன்னது சரி. பரிமளா என்னிடம் பார்த்துத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், இந்த முறை அனுமதி வாங்கிவிட்டேன். பரிமளா என்ற பெயரைக்கூட அவளே தேர்ந்தெடுத்தாள். ஆறாம் வகுப்பில் அவளை அடித்த டீச்சரின் பெயராம்!

இந்தப் பத்திகள் அச்சில் வந்த பிறகு அவற்றை என் பிளாகிலும் போட்டு வைப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போன அனுபவத்தை எழுதியிருந்தேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளைத் திட்டித் தீர்த்திருந்தேன். தூசி, ஹாரன், நகராத வரிசை... இந்த லாரிக்காரர்களுக்கு வீடு வாசலே கிடையாதா என்று ஒரு வரி.

மறுநாள் கீழே ஒரு பின்னூட்டம். "இருக்கு மேடம். வீடு, வாசல், புள்ளைகுட்டி எல்லாம் இருக்கு. ஒரு நாள் வந்து பாருங்க."

கோபம் வந்தது. யார் இது? பெயரைத் தட்டினேன். அவளுடைய பிளாக் திறந்தது.

அவள் லாரிகளுக்கு எடை போடும் மேடையில் வேலை பார்ப்பவள். காலி லாரி வந்தால் ஒரு எடை, லோடோடு வந்தால் ஒரு எடை, சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஒரு லாரி போய் அடுத்த லாரி ஏறுவதற்குள் கிடைக்கிற நேரத்தில் போனில் எழுதுவாள். அதனால் எல்லாமே ஏழு வரி, எட்டு வரி. அதற்குள் அடுத்தவன் ஹாரன் அடித்துவிடுவான்.

அதில் ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரு டிரைவர், பேறுகாலத்துக்குப் போயிருந்த மனைவியையும் கைக்குழந்தையையும் மாமியார் வீட்டிலிருந்து லாரியிலேயே கூட்டி வருகிறார். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, குழந்தையை எடை போடச் சொல்லிக் கெஞ்சுகிறார். மேடையின் நடுவில் துண்டை விரித்துப் படுக்க வைக்கிறார்கள். டன் கணக்கில் நிறுத்துப் பழகிய எந்திரத்துக்கு அந்தக் குழந்தை கண்ணிலேயே படவில்லை. திரையில் சைபர். "என்னக்கா, எம்புள்ள வெயிட்டே இல்லியா?" என்று அப்பன் சிரிக்கிறான். குழந்தையும் சிரிக்கிறது. பின்னால் ஆறு லாரி காத்திருக்கிறது, ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.

அவ்வளவுதான், எட்டு வரி. முப்பது வருஷமாக எழுதுகிறேன்... எனக்கு இப்படி எட்டு வரி அமைந்ததில்லை. அன்றே மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன்.

அப்புறம் என்ன? மெயில் வாட்ஸ்அப் ஆனது, வாட்ஸ்அப் போன் ஆனது. மேடம் அக்கா ஆனார். நான் எழுதியதை அனுப்பினால் "மூணாவது பாராவுல தூங்கிட்டேன்க்கா" என்று பதில் வரும். இவ்வளவு நேர்மையான வாசகி யாருக்குக் கிடைப்பாள்? கணவர், மகன், பத்திரிகை ஆசிரியர் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சொல்லப் பயம்!

ஒன்றரை வருஷம் இப்படிக் குரலாகவே இருந்தாள். நேரில் பார்த்தது திருச்சியில், ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில். என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மகன் வெளிநாட்டிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். நான் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து, அவரை உள்ளே கொண்டுபோன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் வந்து என் முன்னால் நின்றாள்.

"அக்கா, நாந்தான். போட்டோவுல பாத்ததுக்கு நேர்ல குட்டையா இருக்கீங்களே!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. லீவு போட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். கட்டாயப்படுத்தி நாலு வாய் தயிர் சாதம் சாப்பிட வைத்தாள். சாயங்காலம்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத்தான், என் பயத்தை மறக்கடிப்பதற்காகவோ என்னவோ, அவளுடைய கதையைச் சொன்னாள். கணவர் துபாயில் வேலை பார்க்கிறார் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும்.

"துபாய்லாம் இல்லக்கா. திருப்பூர்ல இருக்காரு. அங்க வேற குடும்பம் இருக்கு. பாப்பா நாலாவது படிக்கறப்பவே போயிட்டாரு. எப்பவாச்சும் பாப்பாகிட்ட போன்ல பேசுவாரு. துபாய்லேருந்து பேசறேம்பாரு."

"ஏன் மறைக்கணும்?"

"நாள் பூரா நூறு ஆம்பளைங்க வந்து போற இடம்க்கா. புருஷன் ஃபாரின்ல இருக்காருன்னா ஒரு மாதிரி பாப்பாங்க. விட்டுட்டுப் போயிட்டாருன்னா வேற மாதிரி பாப்பாங்க. பாப்பாவுக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னாள். அந்த வார்த்தையின் கனம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஒரு வருஷம் போனது. ஒரு வாரம் எழுத எதுவும் தோன்றவில்லை. பத்தி எழுதுகிறவர்களுக்கு இது தெரியும்... நாளை காலை அனுப்ப வேண்டும், மண்டைக்குள் ஒன்றும் இல்லை. அப்போது கை தானாகப் போவது பக்கத்தில் இருப்பவர்களின் வாழ்க்கைக்குத்தான்.

எழுதினேன். பெயர் போடவில்லையே! "என் தோழி ஒருத்தி. அரியலூர்ப் பக்கம் எடை மேடையில் வேலை பார்க்கிறாள்" என்று ஆரம்பித்து, துபாய், திருப்பூர், அந்த மகள்... எல்லாம். மிகுந்த பரிவோடுதான் எழுதினேன். என் கணவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"பேரே போடலையேங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்.

பத்தி வந்தது. உங்களில் பலர் எழுதினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கண் கலங்கியது என்றீர்கள். நான் பூரித்துப் போனேன். மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம்.

"அக்கா... எழுதிட்டீங்களா?"

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போகவில்லை. சாயங்காலம் அவளுடைய பிளாகைத் திறந்தேன். இந்த வலைப்பூ நீக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. அந்தக் குழந்தை, அந்த ஆறு லாரிகள், எல்லாம் போய்விட்டன.

பெயர் போடவில்லை என்று எவ்வளவு சாமர்த்தியமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்! அந்தப் பக்கம் எடை மேடையில் சீட்டுக் கிழிக்கும் பெண் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். பெயர் வேறு வேண்டுமா?

பதினோரு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. பஸ் ஏறினேன். கல்லங்குறிச்சி சாலையில் அவள் வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள். காலேஜ் முதல் வருஷம். மகளின் பெயரைப் போடக் கூடாது என்பது உத்தரவு.

"வாங்க ஆன்ட்டி, உக்காருங்க. அம்மா, அவங்க வந்திருக்காங்க."

பரிமளா உள்ளேயிருந்து வந்தாள். உட்காரவில்லை.

"எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன் பரிமளா."

"இதையும் எழுதப் போறீங்களா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

அப்புறம் அவளே சொன்னாள். ஒரு டிரைவர் வாட்ஸ்அப்பில் வந்த என் பத்தியை மேடையில் நின்றுகொண்டே சத்தமாகப் படித்திருக்கிறார். படிக்கப் படிக்க அது யாரென்று அவருக்கே புரிந்திருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டாராம்.

"யாரும் கிண்டல் பண்ணலக்கா. அதுதான் தாங்கல. நேத்து வரைக்கும் 'யக்கா, சீக்கிரம் போடுக்கா'ன்னு சண்டை போட்டவங்கல்லாம் தலையக் குனிஞ்சி சீட்டு வாங்கிட்டுப் போறாங்க. அத்தன பேரும் பாவப்படறாங்க. நான் அங்க எட்டு வருஷமா நிமிந்து நின்னவ."

மகளுக்கு வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டுமென்று பாதி வேலையில் கிளம்பி ஓடிவந்திருக்கிறாள். பஸ்ஸில் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே... வீட்டுக்கு வந்து மகளை உட்கார வைத்து, "அப்பா துபாய்ல இல்ல பாப்பா" என்றிருக்கிறாள்.

அந்த இடத்தில் மகள் குறுக்கிட்டாள்.

"எனக்கு எட்டாவது படிக்கறப்பவே தெரியும் ஆன்ட்டி. அப்பா ஒரு நாள் போன்ல பேசிட்டிருக்கறப்ப பின்னாடி கண்டக்டர் 'திருப்பூர், திருப்பூர்'னு கத்தினாரு. துபாய்ல ஏது திருப்பூர் பஸ்ஸு? அம்மா கஷ்டப்படுமேன்னு நானும் துபாய்னே சொல்லிட்டிருந்தேன்."

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர், அத்தனை வருஷம் அதே பொய்யைப் பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப நிம்மதி எட்டிப்பார்த்தது. பார்த்தாயா, நல்லதுதானே நடந்தது என்று...

பரிமளா என் முகத்தைப் படித்துவிட்டாள். எடை பார்க்கிறவள் அல்லவா?

"நல்லபடியா முடிஞ்சிதுங்கறதுக்காக நீங்க செஞ்சது நல்லதுன்னு ஆயிடாதுக்கா. அத நான் சொல்லியிருக்கணும். எம்பொண்ணுகிட்ட எப்ப சொல்லணும்னு நான் முடிவு பண்ணியிருக்கணும். நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அக்கா என்றுதான் சொன்னாள். ஆனால் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. காப்பி தரவில்லை. வாசல்வரை மகள்தான் வந்தாள்.

வீட்டுக்கு வந்து பிளாகிலிருந்து அந்தப் பத்தியை எடுத்தேன். அச்சில் வந்ததை என்ன செய்ய? மறுவாரப் பத்தியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, அதுவும் அவளைத் தெருவில் நிறுத்துவதுதான் என்று உறைத்தது. சும்மா இருந்தேன். எழுதுகிறவளுக்குச் சும்மா இருப்பதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

இரண்டரை மாதம். ஒரு காலை மெயிலில் ஒரு இணைப்பு மட்டும் வந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. திறந்தால் புது பிளாக். முதல் பதிவே அவளுடைய கதை. துபாய், திருப்பூர், டிரைவர், மகள், போனில் கேட்ட கண்டக்டர் குரல். "பாவப்படாதீங்க, சீட்டை வாங்கிட்டு லாரியை எடுங்க" என்று முடித்திருந்தாள். நான் எழுதியதில் ஒரு பாவப்பட்ட பெண் இருந்தாள். இதில் பரிமளா இருந்தாள்.

கீழே என்ன எழுதுவது? அரை நாள் யோசித்தேன். பாராட்ட எனக்கு என்ன தகுதி? கடைசியில் "படித்தேன்" என்று மட்டும் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"எங்கயாச்சும் தூங்கினீங்களாக்கா?"

அப்புறம்தான் நான் அழுதேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். எழுதிய பிறகு அவளுக்கு அனுப்பினேன். இரண்டு பாராக்களை வெட்டிவிட்டாள். எடை மேடையை மாற்றி வேறு வேலை ஏதாவது போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்க்கா, அது என் எடம்" என்றாள்.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நான் நடுவில் நிறுத்தி, "இது எழுதவா, எனக்கு மட்டுமா?" என்று கேட்பேன். பாதிக்கு மேல் "உங்களுக்கு மட்டும்க்கா"தான்.

நீங்கள் இதுவரை படிக்காத என் நல்ல பத்திகளெல்லாம் அவைதான்!