கைராசிக் கவுண்டர்

கியூபெக்கில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடையொன்றில் கவுண்டரில் நிற்கிறேன். சில வருடங்களுக்கு முன் திடீரென்று எல்லாருக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓடவிட்டால் டிஜிட்டல் காசு தோண்டி எடுக்கலாம், இங்கே கரண்டும் மலிவு என்று ஒரே பேச்சு. கிராபிக்ஸ் கார்ட், பவர் சப்ளை, ஃபேன் எல்லாம் வந்த பெட்டியோடு போயின.

என்னிடம் முதலில் வாங்கியவருக்கு லாபம் வந்துவிட்டது. அவ்வளவுதான், எனக்குக் கைராசி என்று தமிழ்ச் சனத்துக்குள் கதை பரவியது. பெட்டியை என் வலது கையால் தரச்சொல்லிக் கேட்டார்கள். ஒருவர் பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்று வாங்கினார்.

கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. முதலாளியிடம் போனேன்.

"அண்ணை, எனக்கும் ரெண்டு கார்ட் வேணும். சம்பளத்தில கழியுங்கோ."

"உனக்கு விக்கமாட்டன்."

"ஏன் அண்ணை? நீங்கள் வீட்டில எத்தினை ஓடவிட்டிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. தங்கம் தோண்டுறவனுக்கு மண்வெட்டி விக்கிறதுதான் எங்கட வேலை. பேசாமப் போய் நில்."

என்மேல் அக்கறையா, நான் பணக்காரனாகி வேலையை விட்டுவிடுவேன் என்ற பயமா? ஒன்றும் பிடிபடவில்லை.

திரும்பி வந்தால் கவுண்டரில் தேவன் நிற்கிறான். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் குடியிருந்து ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் போகிறவன். வீடு வாங்கச் சேர்த்ததை எல்லாம் எடுத்து வந்திருந்தான்.

"அண்ணை, உங்கட கையாலதான் வேணும்."

"வேண்டாம் தம்பி. முதலாளியே இதை ஓடவிடேல்லை," என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவன் முகம் சுருங்கியது. "ஊருக்கெல்லாம் குடுத்தியள். நான் முன்னேறினா மட்டும் எரிச்சலோ?"

முதலாளி ஓடிவந்து, சிரித்தபடி தானே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த பனிக்காலத்துக்குள் அந்தக் காசின் விலை விழுந்தது. தேவன் அதே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். வீடு வாங்கும் கதையே இல்லை. முதலாளி அடிமாட்டு விலைக்கு வாங்கித் திரும்பவும் தட்டில் அடுக்கினார். அன்றைக்கே சொன்னேனே என்று வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அண்டைக்கு உங்கட கையால தந்திருந்தா எனக்கு இப்பிடி வந்திருக்காது, அண்ணை."

இப்போது ஏஐக்கு என்று கார்ட் தேடி வருகிறார்கள். விற்கிறவன் தன் வீட்டில் அதை ஓடவிடுகிறானா என்று முதலில் கேளுங்கள், நான் படித்த பாடம் இதுதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். கவனமாகக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். பிறகு என் வலது கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.