ஆறு பேர் வேண்டிய பறவை

நான் போலீஸ்காரி. அந்த சீசனில் எனக்குக் குற்றாலம் மெயினருவியில், பெண்கள் குளிக்கும் பக்கம் டூட்டி. காலை ஆறு மணிக்குப் போனால் இருட்டும்வரை நிற்க வேண்டும். குத்துக்கல்வலசையில் வீட்டுக்கு வந்து சேரும்போது கணுக்கால் வீங்கி, ஷூவைக் கழற்றவே பத்து நிமிடம் ஆகும்.

செல்போனில் விசித்திர மிருகங்களைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டு ஒன்றை என் மகள்தான் ஏற்றிக் கொடுத்தாள். "காசு கெடையாதும்மா. நீ எப்படியும் ஊரச் சுத்துதல்லா?" என்றாள். நடந்தால்தான் அதில் கிடைக்கும் முட்டை பொரிந்து மிருகம் வரும். பன்னிரண்டு மணி நேரம் நின்றாலும் என் முட்டை அப்படியே இருக்கும். நிற்பதை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மிருகத்தின்மேல் எறிந்து பிடிக்கும் பந்துகள் தீர்ந்தால், காசு கொடுத்து வாங்கச் சொல்லி ஒரு கடை திறக்கும். அதை மூடிவிட்டு, மறுநாள் கிடைக்கும் இலவசப் பந்துக்குக் காத்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை போட்டார்கள். அருவிக்குப் போகும் வழியில், நேந்திரம் சிப்ஸ் கடை முக்கில் ஐந்து பேர் போனைப் பார்த்தபடி வழியை மறித்து நின்றார்கள். விரட்டத்தான் போனேன். கிட்டே போனால் அதே விளையாட்டு. விளையாட்டில் அந்த முக்கில் பெரிய பறவை ஒன்று இறங்கியிருந்தது. அதைத் தனியாளாக வீழ்த்த முடியாது. பல பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து மோத வேண்டும். எங்கள் தெருப் பக்கம் அதற்கு ஆளே கிடைத்ததில்லை.

அவர்களில் சாரலில் நனைந்த சேலையோடு நின்ற ஒரு பெண், வாசுதேவநல்லூர்க்காரி, என் காக்கியைப் பார்த்துப் பதறினாள்.

"இந்தா போயிருதோம் மேடம். ஒரு ஆளு கொறையுது, அதான் தோத்துக்கிட்டே இருக்கோம்."

இன்ஸ்பெக்டர் தூரத்தில் பாலத்துப் பக்கம் நின்றார். நான் என் போனை வெளியே எடுத்தேன்.

"நீங்களும் வெளாடுதியளா மேடம்?"

"சட்டுனு ஆரம்பிங்க" என்றேன்.

சாரல் விழாமல் தொப்பியால் மறைத்துக்கொண்டு தட்டினேன். பறவை விழுந்தது. இனி அவரவர் பந்தெறிந்து தனக்கென ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவராகக் "கெடச்சிட்டு, கெடச்சிட்டு" என்று கத்தினார்கள். எனக்கு இன்னும் இரண்டு பந்து மிச்சம் இருந்தபோது மைக்கில் இன்ஸ்பெக்டர் குரல் கேட்டது.

"ஏம்மா, சிப்ஸ் கடகிட்ட என்ன கூட்டம்? கலச்சு விடுங்க!"

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நவுருங்க, நவுருங்க, வழியில நிக்காதிய" என்றேன். பழக்கத்தில் குரல் கடுமையாகவே வந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். அந்தப் பெண் மட்டும் திரும்பி, "ஒங்களுக்குக் கெடச்சுதா மேடம்?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

"அய்யோ!" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. களைப்புதான் காரணமாக இருக்க வேண்டும்.

வேனில் திரும்பும்போது போனை எடுத்துப் பார்த்தேன். பறவை தப்பிப் பறந்துவிட்டது என்று போட்டிருந்தது. போனை அணைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். மறுநாள் ஐந்தருவியில் டூட்டி.