பச்சைக் கல் ஊறிய தண்ணீர்

நெஞ்சுப் படபடப்பைத் தீர்க்கும் என்று குற்றாலத்தில் ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி, என் அக்கா மாலகைட் என்ற வரிவரியான பச்சைக் கல்லை வாங்கினாள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் அதை ஊறவைத்துத் தினமும் குடித்தாள். சில நாட்களில் குமட்டல் தொடங்கியது. சுரண்டையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கல்லின் பளபளப்பு போயிருந்தது. தண்ணீரில் லேசான பச்சை தெரிந்தது.

“ஏட்டி, என் நோவ அது இழுத்துக்கிடுது. அதான் மங்குது” என்றாள்.

“கல்லு கரையுதுக்கா. அதத்தான் நீ குடிக்கே” என்று தம்ளரை வாங்கி வைத்தேன்.

தென்காசி டாக்டரிடம் கல்லையும் எடுத்துப் போனோம். அது செம்புத் தாது, புளிப்பில் கரையும், அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும் என்றார். ரத்தப் பரிசோதனையில் ஈரல் தப்பியது தெரிந்தது.

இப்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும், என்ன குடித்தீர்கள் என்றும் கேட்கிறேன்.