மாமியார் அறையில் ஒரு வளைவு

பல் டாக்டர் வீட்டின் நடு அறையைக் குட்டி ரயிலுக்குத் தாரை வார்த்துவிட்டார். பல் அச்சு வார்க்கும் மாவில் மலை செய்தார். மலைகளெல்லாம் கடைவாய்ப் பல் போலவே வந்தன. சொத்தை தேடும் சின்னக் கண்ணாடியைச் சுரங்கத்துக்குள் நுழைத்துத் தண்டவாளத்தைச் சோதித்தார்.

எல்லாம் இருந்தும் வண்டி ஓடினால்தானே. மூலையில் திரும்பும்போதெல்லாம் கவிழ்ந்தது. தண்டவாளத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சக்கர அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியை இடுக்கியால் எடுத்தார். இணைப்புகளை நகத்தால் வருடினார். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். தட்டவில்லை. குற்றம் வளைவின் மேல்தான். பெட்டிகள் நீளம், வளைவு இறுக்கம். அகலமாகத் திருப்ப இன்னும் மூன்றடி வேண்டும். அந்த மூன்றடி சுவருக்கு அந்தப் பக்கம், மாமியார் அறையில் இருந்தது.

மனைவியைத் தூது போகச் சொன்னார். "உங்க ரயிலு, எங்க அம்மா. நடுவுல நான் எதுக்கு?" என்று அவள் நழுவிவிட்டாள்.

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகன் மென்று விழுங்கிச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். படுத்து எழுந்திருக்க இடம் இருந்தால் போதும் என்று சம்மதித்துவிட்டார். டாக்டர் பல்லைத் துளைக்கிற நிதானத்தோடு சுவரில் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு ஓட்டை போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பலகை அடித்துத் தடம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். வண்டி ஒய்யாரமாகச் சுவருக்குள் நுழைந்தது. திரும்பி வரவில்லை. கரண்டைக் கூட்டினார், மோட்டார் முனகியது. சிக்கிய மோட்டார் புகைந்துவிடுமே என்று சட்டென அணைத்துவிட்டு ஓடினார்.

மாமியார் இன்ஜினை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். கழுத்தில் பழைய விசில்.

"என்ன அத்தை, தடம் புரண்டுடுச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு மாப்பிள்ளை. காலியா போகுதேன்னு நிறுத்தினேன். ஒரு ஆளைக்கூட ஏத்தாம வண்டிய எங்க கொண்டு போறீங்க?"

டாக்டருக்கு என்னவோ போலாகிவிட்டது. சிக்னல் வைத்தார், பாலம் கட்டினார், ஆடு மாடுகூட நிறுத்தினார். மனுஷன் என்று ஒருவனைச் செய்யத் தோன்றவில்லையே. அன்று மாலையே பல்செட் செய்யும் ரோஸ் நிறக் கலவையைப் பிசைந்து பயணிகளைச் செய்தார். எல்லோரும் ஈறு நிறத்தில் இருந்தார்கள். மாமியார் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒவ்வொருவராகத் திறந்த பெட்டிகளில் உட்கார வைத்து, உள்ளே தள்ளி உட்காரச் சொல்லி அதட்டி, இரண்டு விசில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வண்டி ஒருநாளும் கவிழவில்லை. ஆனால் எப்போது வரும் என்பது மட்டும் டாக்டர் கையில் இல்லை.

"அம்மா சாப்பிட உக்காந்துட்டாங்க. இப்போதைக்கு வண்டி வராது" என்று மனைவி எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள். டாக்டரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வண்டி தவறிய பயணி மாதிரி ஓட்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.