பொதுவான பகுதி

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் நான்கு பெண்கள் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் என் சிநேகிதியின் வீட்டில் கூடுவோம். எல்லோரும் ஆசிரியைகள். ஒருத்தி தான் எழுதியதை வாசிக்க, மற்றவர்கள் குறை சொல்வோம். கடற்காற்றில் தாள்கள் பறக்கும். ஒரு வரிக்காகச் சண்டை பிடித்துத் தேநீரை ஆறவிடுவோம். அத்தனை சத்தமாக நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

குடாநாட்டுச் சிறுகதைகளைத் திரட்டிப் பெரிய தொகுப்பொன்று வரவிருந்தது. அதன் தொகுப்பாசிரியர் என்னிடமும் சிநேகிதியிடமும் கதை கேட்டு வாங்கியிருந்தார். ஒருநாள் நானும் சிநேகிதியும் அவர் வீட்டுக்குப் போனோம்.

“உங்கள் ரெண்டுபேற்றை கதையும் கடைசிப் பகுதியிலை வருது,” என்றார் மகிழ்ச்சியாக.

“அதென்ன பகுதி, சேர்?” என்று சிநேகிதி கேட்டாள்.

“பெண் எழுத்து.”

“அப்ப முதல் பகுதிக்கு ஆண் எழுத்தெண்டு போட்டிருக்கிறியளோ?”

அவர் தடுமாறினார். “இல்லை ரீச்சர், அது பொதுவான பகுதி.”

“அப்ப என்ரை கதையைத் தாங்கோ. பொதுவிலை இடமில்லாட்டி அது வீட்டிலை இருக்கட்டும்.”

என் கதையையும் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஆனாலும் புத்தகத்தில் வரும் ஆசை எங்களுக்கும் இருந்ததுதானே.

சில கிழமைகள் கழித்து, நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது தொகுப்பாசிரியருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. “இருங்கோ சேர், கதை முடியட்டும்,” என்றாள் சிநேகிதி. அவர் முடியும்வரை கேட்டிருந்தார். பிறகு, “அந்தத் தலைப்பை எடுத்திட்டன். எல்லாத்தையும் எழுதின ஆண்டு வரிசையிலை போடுறன். தருவியளோ?” என்றார்.

“ஓம்,” என்றோம் இருவரும்.

அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. சிநேகிதி மகளுடன் கனடாவில் இருக்கிறாள். மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகள் எனக்கு நீண்டுபோய்விட்டன.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் கதை பற்றிக் கதைக்க அழைத்தார்கள். பிள்ளைகள் அந்தத் தொகுப்பிலிருந்து சிநேகிதியின் கதையை வாசித்திருந்தார்கள். கணவனைக் கடலில் இழந்தவள் அவனுடைய வள்ளத்தை விற்றது சரியா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. எழுதியது ஆணா பெண்ணா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவே சிநேகிதியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“விக்கக்கூடாதெண்டு ஆர் சொன்னது?” என்று கோபமாகக் கேட்டாள். பிறகு கனநேரம் கதைத்தோம்.