அத்தையின் கம்ப்யூட்டருக்கு நான் பூசிய எண்ணெய்

ஏரித் தீவில் இருக்கும் எங்கள் பசியாவரம் வீட்டுக்கு மிக்ஸி வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். படகில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, இரண்டு பேர் தூக்கி இறக்கிய அந்த இரும்புப் பெட்டியை ஊரே ஐஸ் பெட்டி என்று நினைத்தது. மீன் போட்டு வைக்கக்கூட உதவாது என்று தெரிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது.

கொண்டுவந்தவள் என் அத்தை, நைனாவின் தங்கை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பழவேற்காட்டில் ஏரியை ஆராய்வதற்கென்று ஒரு சிறு அலுவலகம் இருந்தது. அங்கேதான் அவளுக்கு வேலை. நைனா படகைத் தள்ள, அத்தை மூங்கில் கழியை இறக்கி ஆழம் பார்ப்பாள். எங்கே எத்தனை அடி, எங்கே சேறு, எங்கே மணல் என்று இரண்டு வருடம் அளந்ததை எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வரைபடம் போடுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய இயந்திரம் அது. பிறகு அலுவலகத்தை மூடினார்கள். காகிதங்களைக் கரையான் தின்றது. பழுதான கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட இருந்தார்கள். அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய அதிகாரி சென்னைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். உள்ளே இருக்கும் அளவுகளை மீட்டுக் கொடுத்தால் அங்கே வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். மீட்க முடியாவிட்டால் வீட்டில் பார்த்து வைத்திருந்த சூலூர்பேட்டை மாப்பிள்ளைதான். அவரை அத்தைக்குப் பிடிக்கவில்லை என்பது எட்டு வயதான எனக்கே தெரியும்.

ஐந்து மாதம் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினாள். உள்ளே சின்ன பேட்டரி ஒன்று கசிந்து பலகை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள். கருகிய பாகங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்னை போவாள். கடை கடையாக அலைந்து அதே மாதிரி வாங்கி வந்து ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பாள். கழற்றிய திருகாணிகளைத் தேங்காய்ச் சிரட்டையில் சேர்ப்பது என் உத்தியோகம்.

நைனா வலையைத் தைத்துக்கொண்டே, "இன்னா, உன் கப்பல் இன்னும் கெளம்பலியா?" என்பார். அவள் அடுத்த திருகாணியைக் கழற்றி என் சிரட்டையில் போடுவாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரை வெளிச்சமானது. வரிசை வரிசையாக எண்கள் வந்தன. "எல்லாம் அப்டியே கீதுண்ணா" என்று சொல்லி அத்தை அழுதுவிட்டாள். நைனா எழுந்து வந்து, எதுவும் புரியாமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அளவுகளை எடுத்துக்கொள்ள அதிகாரி திங்கட்கிழமை நேரில் வருவதாகப் போனில் சொன்னார். அதுவரை பத்திரமாக இருக்கட்டும் என்று அத்தை உள்ளிருந்து செங்கல் அளவில் இருந்த ஹார்ட் டிஸ்க் பெட்டியைத் தனியே எடுத்துப் புடவையில் சுற்றினாள்.

"என் ரெண்டு வருசமும் இதுக்குள்ளதான் கீது பாப்பா. உப்புக் காத்து பட்டா போச்சு" என்றாள்.

அதில் எனக்குப் புரிந்தது உப்பு மட்டும்தான். உப்பு எங்களுக்குப் பழகிய எதிரி. அதற்கு மருந்தும் தெரியும். படகைக் கரையேற்றிக் காயவைத்து மீன் எண்ணெய் பூசிவிட்டால் உப்பு கிட்டே வராது. அந்த வாரம் நைனா படகுக்குப் பூசிக்கொண்டிருந்ததால் எண்ணெய் டின் வாசலிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை அதிகாரிக்கு பிஸ்கட் வாங்கப் பழவேற்காட்டுக்குப் போனாள். அவளுடைய மரப்பிடி போட்ட திருப்புளியால் நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி வட்டத் தட்டுகள். என் முகம் தெரிந்தது. துணியில் எண்ணெய் தொட்டு ஓர் இடம் விடாமல் பூசினேன். திரும்ப மூடி, எண்ணெய்க் கையாலேயே திருகி, புடவையில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். அத்தனை சிரத்தையாக ஒரு வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை.

திங்கட்கிழமை அதிகாரி வந்து உட்கார்ந்தார். அத்தை புடவையைப் பிரித்து, பெட்டியை மறுபடி உள்ளே பொருத்தினாள். கம்ப்யூட்டர் கரகரவென்று அரைத்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அத்தை அந்தப் பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தாள். ஒரு முறை முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு திருப்புளியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"உப்பு அரிச்சிடுச்சு சார். நான்தான் சரியா மூடி வெக்கல. என் தப்புதான்."

அவர் டீயைக் குடித்துவிட்டுப் படகேறிப் போய்விட்டார். எனக்கு உப்பின் மேல்தான் கோபம். படகுக்கே இரண்டு பூச்சு பூசுகிறார்கள், நான் ஒன்றோடு விட்டுவிட்டேனே என்று நெடுநாள் வருந்தினேன்.

தை மாதம் கல்யாணம். எனக்குப் புதுப் பாவாடை. படகேறும்போது அத்தை அந்தத் திருப்புளியை என் கையில் வைத்து, "இத நீயே வெச்சுக்கோ பாப்பா" என்றாள். திருகாணி பொறுக்கியதற்குப் பரிசு என்று ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன்.

பத்து வருடம் கழித்துக் கல்லூரி விடுதியில் அறைத்தோழி அதை என் பெட்டியிலிருந்து எடுத்தாள். எடுத்த வேகத்தில் மூக்கைப் பொத்தினாள். "இன்னாடி இது, இவ்ளோ கவுச்சி?"

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மீன் எண்ணெயிலேயே வளர்ந்த மூக்கு. ஆனால் ஸ்பிரிட்டும் ஈயப் புகையுமாக ஐந்து மாதம் அந்தக் கம்ப்யூட்டரோடு கிடந்தவளுக்கு அந்த வாடை தெரியாமல் இருந்திருக்குமா? தட்டுகளைக் கெடுத்தது உப்பல்ல, என் எண்ணெய்தான். சென்னையும் வேலையும் கைவிட்டுப் போன அந்த நொடியிலும் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

போன மாதம், எண்ணெய் பூசியதை எப்படியும் சொல்லிவிடுவது என்று திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு சூலூர்பேட்டை போனேன். பழுதான மிக்ஸியைக் கவிழ்த்து வைத்து, அத்தை கத்தி முனையால் திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தாள். கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. பையைத் திறந்து திருப்புளியை எடுத்து நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.