பிரிக்காத பன்னிரண்டு பாகங்கள்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நான் மூட்டை தூக்கிப் பிழைத்தவன். நாற்பத்தொரு வயதில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். கதை கட்டுகிற அளவுக்கு என்னிடம் சரக்கு கிடையாது. நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதுவும் பட்டப்பகலில்.

பழைய புத்தகம் வாங்கி விற்கும் கடையில் பதினெட்டு வருடம் பெட்டி சுமந்தேன். இடுப்பு போய்விட்டது. எனக்குப் படிக்கத் தெரிந்ததும் முதலாளி மனமிரங்கி, வீடுகளுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வரும் வேலையை எனக்குக் கொடுத்தார். தனியாகப் போன முதல் வீடு அது. நாட்டு வரலாறு, பன்னிரண்டு பாகம்.

பழைய முறைப்படி சில புத்தகங்களைத் தாள் மடித்துத் தைத்து, ஓரம் வெட்டாமலே அட்டை போட்டுவிடுவார்கள். வாங்கியவர் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். யாருமே பிரிக்காத செட் என்றால் சேகரிப்பவர்கள் விழுந்தடித்துக்கொண்டு வருவார்கள். தானே முதல் ஆளாகப் பிரித்துப் படிப்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு ஆசை.

"ஒரு மடிப்பு கிழிஞ்சு வந்தாலும் நீ பழையபடி மூட்டைக்கே போயிடு. உடம்புக்கும் நல்லது," என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னால் செய்கிற ஆள்.

மதியம் 1.50க்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டு மருமகள் மாடி அறையைத் திறந்துவிட்டாள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மேஜைமேல் வரிசையாகப் பாகங்கள். மாமனார் முன்பதிவு செய்து வருடத்துக்கு ஒன்றாக வாங்கினாராம். பன்னிரண்டும் சேராமல் முதல் பக்கத்தைத் தொடமாட்டேன் என்று பிடிவாதமாம். கடைசிப் பாகம் வந்த எட்டாம் நாள், அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். ஒன்றரை வருடம் ஆகிறதாம்.

அவள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. வெளியில பூட்டிட்டுப் போறேன். நாலு மணிக்குள்ள வந்துடுவேன்."

"பூட்டுங்கம்மா. இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு நான் எங்க ஓடப் போறேன்."

2.10. தரையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாகமாக எடுத்து, மடிப்பு மடிப்பாக விரலை ஓட்டிப் பார்த்து, காக்கித் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. மனசு லேசானது.

2.35. முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

சரக்...

திரும்பினேன். மேஜைமேல் மீதிப் பாகங்கள் அப்படியே நின்றன. விசிறி ஓடவில்லை. ஜன்னல் மூடியிருந்தது. எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரக்...

பக்கம் புரட்டுகிற சத்தம். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. எனக்கு ஒரு பக்கம் படிக்க இருபது நிமிடம் ஆகும். இது யாரோ நன்றாகப் படித்தவர்.

3.05. ஒன்பது பாகம் கட்டிவிட்டேன். சீவிய பென்சில் வாசனை வந்தது. கூடவே, தாளில் கோடு இழுக்கிற மாதிரி...

கிர்ர்ர்.

எழுந்து பத்தாம் பாகத்தை மேஜையிலேயே வைத்துத் தடவிப் பார்த்தேன். எல்லா மடிப்பும் மூடியே இருந்தது. தூக்கினேன்.

வரவில்லை.

யாரோ அதன்மேல் முழங்கையை ஊன்றியிருப்பதுபோல் கனத்தது.

நான் எதையும் கேட்கவில்லை, எதுவும் தெரியாது என்பதுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன்.

வந்துவிட்டது.

சத்தம் நின்றது.

நாற்காலி மட்டும் மெல்ல... முனகியது.

3.52. கீழே சாவி திரும்பும் சத்தம். அதற்குள் பன்னிரண்டையும் கட்டி முடித்திருந்தேன். மேலே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதாவது சத்தம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

இல்லை என்றேன். வாயைத் திறந்தால் செட் அங்கேயே நின்றுவிடும். நான் மூட்டைக்குப் போவேன்.

செட் அதே வாரம் விற்றது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இருபத்து மூன்றாம் நாள், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லா மடிப்பையும் வாங்கியவர் தன் கத்தியால்தான் பிரித்தாராம். பிரிக்கும்வரை அத்தனையும் மூடித்தான் இருந்தனவாம். ஆனால் உள்ளே, ஒன்று முதல் ஒன்பது பாகம் வரை ஒரு பக்கம் விடாமல் பென்சில் கோடு. ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்பு. பத்தில் 214ஆம் பக்கம் வரை. அதற்குப் பிறகு ஒரு கோடுகூட இல்லை. பதினொன்றும் பன்னிரண்டும் சுத்தம்.

முதலாளி அந்த 214ஆம் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"உனக்குத்தான் படிக்க வருமே. படி."

எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். முதலில் தேதி. நான் போன அந்தச் செவ்வாய்க்கிழமை. அதன்கீழே மூன்று வரி.

"கட்டுகிற ஆளுக்கு நான் படிப்பது கேட்கிறது.

கேட்காததுபோல் இருக்கிறார்.

இது போக இன்னும் இரண்டு பாகம்தான்."

மறுநாளே மூட்டை வேலைக்குத் திரும்பிவிட்டேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் கேட்டேன். அந்த இரண்டு பாகமும் இன்னும் கடையில்தான் இருக்கின்றன. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை முதலாளி கடைக்குள் உட்காருவதில்லை.